ஆணி கேட்ட நன்றியுரை

தலைமையேற்றுத் தண்ணருள் பொழியும் ஓல்டர்ஷா சீமாட்டி அவர்களே! ஞாயிறுதோறும் எங்களைத் திருத்தி, திங்களன்று நாங்கள் பழையபடி ஆவதைக் கண்டும் சலிக்காத பாதிரியார் லம்லி அவர்களே! கதவிடுக்கிலும் கண் வைத்துக் காக்கும் கட்டடக் கண்காணிப்பாளர் சார்ஜெண்ட் டிரவர் அவர்களே! தேய்த்துத் தேய்த்தே நம் படிக்கட்டைப் பாதியாக்கிவிட்ட தாய்மார்களே! தேநீருக்கு வந்து என் பேச்சில் சிக்கிக்கொண்ட பெர்மாண்ட்சிப் பேட்டைப் பெருமக்களே! பூட்ஸ் தைக்கும் சைலஸ் காபின் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நான் ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்பவன். பகலெல்லாம் பேச வழியில்லை. பேசாத பேச்செல்லாம் உள்ளே குவிந்து கிடக்கிறது. அப்படிப்பட்டவனை நன்றியுரை சொல்ல அழைத்தீர்களே, அது உங்கள் தவறு!

யாரங்கே? "டீ ஆறுதுய்யா, சட்டுனு முடி!" என்பது தோல்கிடங்கு ஆபெல் குரல்தானே? ஆபெல் அவர்களே, ஆறிய தேநீரை அடுப்பில் வைக்கலாம். ஆறிய பேச்சை எதில் வைப்பது?

முன்பு நாம் எங்கே இருந்தோம்? ஆற்றங்கரைச் சந்தில் இருந்தோம். ஈரத்தில் இருந்தோம், இருட்டில் இருந்தோம், எலிகளுக்கு நடுவே இடம் கேட்டு இருந்தோம்! அந்தச் சுவரில் ஓர் ஆணி அடித்தால் அது அடுத்த வீட்டுக்காரர் மூக்கில் போய் நிற்கும். அங்கிருந்து கைதூக்கிவிட்டு, இந்தக் குடியிருப்பைக் கட்டி, குழாயில் நீரும், கூரையில் ஓடும், குழந்தைக்குக் காற்றும் தந்தவர் யார்? நம் சீமாட்டியின் கணவர், மறைந்த வள்ளல் சர் ஹியூபர்ட் ஓல்டர்ஷா அல்லவா! நன்றி சொல்ல நாவுண்டு. அதில் எனக்குக் கஞ்சத்தனம் இல்லை.

ஆனால், அன்பர்களே, வள்ளல் சுவர் தந்தார். வாசலில் தொங்கும் விதிப்பலகையோ, 'சுவரில் ஆணி அடிப்பவர் வெளியேற்றப்படுவர்' என்றது. கழற்றிய கோட்டை எங்கே மாட்டுவது? தொப்பியை எங்கே மாட்டுவது? நாம் என்ன செய்தோம்? அடித்தோம்! இரகசியமாய் அடித்தோம்!

சீமாட்டி அவர்களே, தாங்கள் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் நாங்கள் சுவரில் சாய்ந்தே நின்றோம், நினைவிருக்கிறதா? ஆணியை முதுகால் மறைத்தோம், அம்மையே! தாங்களோ கண்கலங்கி, "ஐயோ பாவம், நிக்கக்கூடத் தெம்பில்லையே இவங்களுக்கு!" என்று வீட்டுக்கு வீடு மாட்டெலும்பு சூப் அனுப்பினீர்கள். அருமையான சூப். அடுத்த மாதம் ஆணி இல்லாதவர்களும் சாய்ந்து நின்றார்கள்.

சிரியுங்கள், சிரியுங்கள்! இப்போது சிரிக்க முடியாத ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாளே, சாக்குத் தைக்கும் மார்த்தா ஸ்பிங்க், அவளைச் சொல்கிறேன். மூட்டை தூக்கும் கணவன் போய்ச்சேர்ந்தான்; அவன் வளர்த்த பாட்டுக்குருவி மட்டும் மிஞ்சியது. கூண்டை மேசையில் வைத்தால் மாடிப்பூனை வரும். பூனைக்கு நம் விதியில் இடமுண்டு! ஆகவே அவளும் ஓர் ஆணி அடித்தாள்.

சென்ற செவ்வாய்க்கிழமை சீமாட்டி சார்ஜெண்டோடு அவள் வீட்டுக்கு வந்தார்கள். மார்த்தா சால்வையை விரித்துக் கூண்டை மறைத்து நின்றாள். முதுகுக்குப் பின்னாலிருந்து குருவி பாடிவிட்டது!

"அடடா, என்ன குரல்மா உனக்கு! இன்னொரு தரம் பாடேன்!" என்றார்கள் சீமாட்டி.

"தொண்டை கட்டிக்கிச்சும்மா" என்றாள் மார்த்தா. கட்டாத தொண்டை பின்னால் மறுபடி பாடியது!

மகிழ்ந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டீர்கள், அம்மையே. சார்ஜெண்ட் போகவில்லை. "ஏம்மா, கொஞ்சம் நகரு. ஓகோ, இதுதான் பாடிச்சா? சனிக்கிழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு" என்றார். அவள் எங்கே போவாள்? அந்தச் சந்துக்குத்தானே! அந்த ஈரத்தில் அவள் பிழைத்தாலும் குருவி பிழைக்குமா? அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது, பெருமக்களே!

இன்று சீமாட்டி வீட்டுக்கொரு பரிசு கொண்டுவந்திருக்கிறார்கள். இதோ என் கையில் இருக்கிறது. சட்டமிட்ட படம்! வள்ளல் சர் ஹியூபர்டின் திருவுருவம்! பின்னால் பித்தளை வளையமும் உண்டு. அம்மையே, பணிவோடு கேட்கிறேன். ஐயாவை நாங்கள் எங்கே மாட்டுவது? தரையில் வைக்கவா? கட்டிலடியில் வைக்கவா? அல்லது இவரையும் முதுகால் மறைத்து நிற்கவா?

தோழர்களே, வீட்டில் ஆணி வைத்திருப்பவர்கள் எழுந்திருங்கள். பயப்படாதீர்கள். நான் நிற்கிறேன். ஆபெல் எழுந்துவிட்டார். ஆகா, அரங்கமே எழுகிறது! சனிக்கிழமை ஒருத்தி போவதானால் ஊரே மூட்டை கட்ட வேண்டியதுதான்! அங்கே யார்? "சார்ஜெண்டு பட்டாளத்து வாளு எதுல தொங்குதாம், கேளு!" என்கிறார்கள். அட, சார்ஜெண்ட் அவர்களும் எழுகிறாரே! கை தட்டுங்கள், அந்த நேர்மைக்குக் கை தட்டுங்கள்!

பொறுங்கள், சீமாட்டி சிரித்துக்கொண்டே ஏதோ கேட்கிறார்கள். "அப்ப வீட்டுக்கு எத்தனை ஆணிதான் வேணும்?" என்கிறார்கள்.

இரண்டு போதும், அம்மையே! ஒன்று, வீட்டைக் கொடுத்த ஐயாவுக்கு. இன்னொன்று, வீட்டில் வாழ்கிற எங்களுக்கு.

சீமாட்டி சம்மதமென்று தலையசைத்துவிட்டார்கள்! மார்த்தா, அழாதே. எழுந்து முன்னால் வா. முதல் படத்தை உன் குருவிக்குப் பக்கத்திலேயே மாட்டுவோம். ஐயாவும் பாட்டுக் கேட்கட்டும்!

செவிசாய்த்த சீமாட்டிக்கு நன்றி, எழுந்து நின்ற சார்ஜெண்டுக்கு நன்றி, டீயை ஆறவிட்ட ஆபெலுக்கும் நன்றி. சுத்தியல் இதோ என் கையில். ஆணிகள் இதோ என் பையில். இவற்றை வாயில் கவ்வியதும் என்னால் பேச முடியாது என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே, கவ்வுமுன் கடைசியாய் ஒரு சொல்: வணக்கம்!