பஸ் படியில் சொன்ன வார்த்தை

எனக்குத் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது சார். எவ்வளவு பசித்தாலும் எதிரே ஓர் ஆள் வேண்டும்.

பிரவீணா அப்படியில்லை. அடுப்படியில் நின்றபடியே தின்றுவிட்டுக் கை கழுவுவாள். தனியாக இருப்பது அவளுக்கு ஓய்வு, எனக்குக் காய்ச்சல். கோர்ட்டில் எங்களை உட்காரவைத்துப் பேசிய கவுன்சிலிங் அம்மாவும் இதைத்தான் சொன்னார். நான் ஒட்டுகிற சுபாவமாம், அவள் விலகுகிற சுபாவமாம். ஒட்ட ஒட்ட விலகுவாள், விலக விலக ஒட்டுவேன். சரியாகத்தான் சொன்னார். ஆனால் பூட்டு விஷயத்தைப் பெரிதாக்கினார்.

மக்காச்சோளம் அடிக்கிற மிஷினோடு நான் விக்கிரமங்கலம் பக்கம் போனால் வீட்டை வெளியே பூட்டிவிட்டுப் போவேன். உள்ளே சோறு, தண்ணீர், டிவி எல்லாம் இருக்கும். அவள் விரல் ஒடிந்ததையும் கேட்டார். ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சாத்தினேன். கையை எடுத்திருக்கலாம்.

விவாகரத்து கிடைத்த அன்று அரியலூர் பஸ் ஸ்டாண்டில் தா.பழூர் பஸ்ஸுக்கு நின்றாள். கூட அவள் அண்ணன் தமிழரசன்.

"தீர்ப்பு வந்தப்புறமும் காவலா மாப்ள? பஸ்ஸுக்கும் பூட்டு கொண்டாந்திருக்கீங்களா?" என்றான்.

நானும் சிரித்தேன். பஸ் வந்தது. படியில் கால் வைத்தவள் திரும்பி, "போயிட்டு வரேங்க" என்றாள்.

'போறேன்' என்று சொல்லவில்லை சார்.

வீட்டுக்கு வெள்ளையடித்தேன். பூட்டைக்கூடக் கழற்றிப்போட்டேன். சோளம் அறுவடை முடிந்தும் அவள் வரவில்லை. நேற்றுக் காலை தா.பழூர் போனேன். களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

"வரேன்னு சொன்னியே புள்ள" என்றேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டாள்.

"அதையா நெனச்சிக்கிட்டு இருந்தீங்க? எழவு வூட்டத் தவிர எங்கேருந்து கெளம்புனாலும் அப்புடித்தானங்க சொல்லுவோம். பழக்கத்துல வாயில வந்துட்டு. நீங்க கெளம்புங்க."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டி நடந்தாள். பைக்கில் மிஷினுக்கான பெரிய ஸ்பேனர் இருந்தது. முதல் அடி அவளை நிறுத்துவதற்கு. மற்றவை அவள் கத்தியதால். தமிழரசன் தடுக்க ஓடிவந்தான். அவன் கையிலும் இரண்டு போட்டேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை.

பிறகு நெல்லின் மேலேயே உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவ்வளவு நேரம் என்னோடு இருந்ததில்லை. நீங்கள் வந்து பிரிக்கும்வரை, ஒருமுறைகூட எழுந்து போகப் பார்க்கவில்லை சார்.