மூன்றாவது மணி

கிறிஸ்துமஸுக்கான வேலையை நாங்கள் மே மாதமே தொடங்கிவிடுவோம். வெளியே ஸ்லீமா கடற்கரையில் ஆட்கள் தோல் உரிய வெயில் காய்ந்துகொண்டிருப்பார்கள். நான் அரைக்கால் சட்டையோடு ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து, பனியில் நடக்கும் காலடிச் சத்தத்துக்காகச் சோளமாவுப் பையைப் பிசைந்துகொண்டிருப்பேன். மால்டாவில் பனி விழுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

இன்ஸ்பெக்டர், நீங்கள் முதலில் விளையாட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கிருந்தே சொல்கிறேன். அது இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஸ்லாட் சூதாட்டம். ஐந்து பத்திகள் சுழலும். பனிமான், இஞ்சி ரொட்டி பொம்மை, நட்சத்திரம், தேவாலய மணி என்று படங்கள் வந்து நிற்கும். கிறிஸ்துமஸ் தாத்தா வந்தால் எந்தப் படத்துக்குப் பதிலாகவும் அவர் நிற்பார். மூன்று மணிகள் விழுந்தால் இலவசச் சுழற்சிகள், திரை முழுக்கப் பரிசுப் பெட்டிகள் திறக்கும். மணி எப்போது விழும் என்பதில் யாரும் கைவைக்க முடியாது. அதைச் சோதிக்கத் தனியாக ஆட்கள் வருவார்கள். சத்தத்தைச் சோதிக்க யாரும் வருவதில்லை. சத்தம் என் பொறுப்பு.

பெட்டி திறக்கும்போது ஒரு குழந்தை சிரிக்க வேண்டும் என்றார்கள். விலைக்குக் கிடைக்கும் சிரிப்புகளையெல்லாம் கேட்டுப் பார்த்தேன். எல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தவை. என்னிடம் தேயாவின் சிரிப்பு இருந்தது.

தேயா என் தங்கை ரொமினாவின் மகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் திருப்பலியில் சாமியாருக்குப் பதிலாகப் பிரசங்கம் சொல்லும் குழந்தையாகப் பங்குச் சாமியார் அவளைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். பள்ளி முடிந்ததும் என் அறைக்கு வந்து பழகுவாள். அதைப் பதிவு செய்து அவள் அம்மாவுக்குப் பரிசாகக் கொடுப்பதாக எங்களுக்குள் ரகசியம். "அன்பான சகோதர சகோதரிகளே" என்று குரலைக் கனமாக்கித் தொடங்குவாள். அடுத்த சொல் வருவதற்குள் சிரித்துவிடுவாள். சிரிப்புக்கு முன்னால் மூச்சை ஒருமுறை உள்ளே இழுப்பாள், யாரோ பின்னாலிருந்து கிச்சுகிச்சு மூட்டியது போல. அந்தப் பிரசங்கத்தை அவள் சொல்லவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் மூளைக்காய்ச்சல் வந்து, வந்த வேகத்தில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

ரொமினா அதன் பிறகு அவள் பெயரையே எடுப்பதில்லை. மகன் லூக்கா பிறந்த பிறகும் அப்படித்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது திடீரென்று, "விஸ்டின், தேயாவோட குரல் எனக்கு மறந்துட்டே வருதுடா. முகம் வருது, குரல் வரமாட்டேங்குது" என்றாள். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் முயல் குழம்பு ஊற்றினேன்.

அப்போதே கொடுத்திருக்கலாமே என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் பதிவு என்பது செத்த பொருள். பத்து தடவை போட்டுக் கேட்டால் தேய்ந்துவிடும். உயிருள்ள குழந்தை நாம் கேட்கும்போதெல்லாம் சிரிப்பதில்லை. எதிர்பாராத நேரத்தில் சிரிக்கும், எதிர்பார்க்கும்போது ஏமாற்றும். அப்படித் திரும்பக் கொடுக்க என் கையில் ஒரே ஒரு வழி இருந்தது.

சிரிப்பை இரண்டாக வெட்டினேன். மூன்று மணியும் விழுந்தால் முழுச் சிரிப்பு. இரண்டு மட்டும் விழுந்தால் அந்த மூச்சு. மூச்சு அடிக்கடி வரும். சிரிப்பு எப்போதாவது வரும்.

வெளியிடும் முன் ஆடிப் பார்க்கச் சிலரை அழைப்போம். ரொமினாவுக்கு நானே இணைப்பை அனுப்பினேன். கிறிஸ்துமஸ் அன்று ஹேஸல்கொட்டை வைத்து, எண் கூப்பிடும் டொம்போலா ஆடுவதைத் தவிர அவள் அதுவரை எதுவும் ஆடியதில்லை. மறுநாளே அழைத்தாள்.

"அந்தப் பெட்டி தொறக்கும்போது ஒரு சிரிப்பு வருதே, விஸ்டின். அது யாரு?"

"விலைக்கு வாங்குனதுதான். ஏதோ ஸ்வீடன் குழந்தை."

"அப்படியே அவளாட்டமே இருக்குடா. எனக்குப் பைத்தியம்னு நெனச்சுக்குவாரு, கிளைவ்கிட்ட சொல்லிராத."

சொல்லவில்லை. கொடுத்த வாக்கை நான் மீறுவதில்லை. அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிவைக் கேட்டிருப்பாள். கொடுத்திருந்தால் ஆடுவதை விட்டிருப்பாள்.

அவள் கணவன் கிளைவ் நவம்பரில் என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எப்பப் பாத்தாலும் காதுல இயர்போனை மாட்டிக்கிட்டு அதையே ஆடிக்கிட்டு இருக்கா. புள்ள அழுதாக்கூடத் திரும்ப மாட்டேங்குறா. போனைப் புடுங்கினா கக்கூஸுக்குள்ள போயித் தாப்பாப் போட்டுக்கிறா. நீ அந்தக் கம்பெனியிலதானே இருக்க, அவ கணக்கை மூடிவிடக் கூடாதா?"

"கேட்டுப் பாக்குறேன்" என்றேன்.

கேட்பதற்கு முன் அவள் எப்படி ஆடுகிறாள் என்று கம்பெனிப் பதிவுகளில் பார்ப்பதுதானே முறை. பார்த்தேன். மற்றவர்கள் சலித்து எழுந்து போகும் இடத்தில் அவள் எழுந்து போகவில்லை. மூன்றாவது மணி தவறும்போதெல்லாம் அடுத்த நொடியே மறுபடி சுழற்றியிருந்தாள். மற்ற ஆட்டக்காரர்களும் அப்படித்தான், கொஞ்சம் குறைவாக. மேலாளர் ஃப்ரெட்ரிக் என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "யப்பா, அந்த மூச்சு இருக்கு பாரு, எனக்கே உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றார்.

அன்று மாலை மூச்சை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

மார்சாஸ்காலா கடலோரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ரொமினா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். லூக்கா அப்போதுதான் கையை விட்டு நடக்கக் கற்றிருந்தான். படகு கட்டும் படிகளில் கடற்பறவைகள் உட்கார்ந்திருந்தனவாம். அவற்றைப் பிடிக்கப் போய்க் கடலில் மூழ்கிவிட்டான். உங்கள் ஆட்கள் கேட்டபோது அவள், "மூச்ச இழுத்தா. சிரிக்கப்போறான்னு காத்துக்கிட்டிருந்தேன்" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். பிதற்றுகிறாள் என்று எழுதிக்கொண்டார்கள். அது பிதற்றல் இல்லை. இரண்டாவது மணி விழுந்திருக்கிறது. அந்த நேரத்தில் கடைசிப் பத்தி வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றும். அவள் தலையைத் தூக்கியிருக்க முடியாது. தூக்க முடியாதபடிதான் நான் அதைச் செய்திருந்தேன்.

கிளைவ் அவள் காதிலிருந்து இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக் கேட்டபோதுதான் உங்கள் விசாரணை என் பக்கம் திரும்பியது. தகப்பனுக்கு ஒரு தடவை போதும். ஸ்வீடன் குழந்தை என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

எதையும் நான் மறுக்கவில்லை. வெட்டியது நான். அனுப்பியது நான். பொய் சொன்னது நான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ரொமினா ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்தே இருக்கிறாள், யாரோடும் பேசுவதில்லை என்று சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் மடிக்கணினி உங்களிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு நாள் அதைக் கொடுங்கள். ஈஸ்டருக்கு ஒரு விளையாட்டு தயாராகிறது, முட்டை உடையும் இடத்துக்கு இன்னும் சத்தம் போடவில்லை. லூக்கா என் அறைக்கு வந்திருந்தபோது "மம்மா" என்று சொன்னதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன். முதல் பாதியைக் கேட்டாலே ரொமினா எழுந்து உட்கார்ந்துவிடுவாள்.