ஹெஸ்டர் லாங்லியின் காதில்

அந்த ரெக்கார்டரைக் கொஞ்சம் என் பக்கம் தள்ளி வையுங்கள், இன்ஸ்பெக்டர். எனக்குச் சத்தமாகப் பேச வராது. மேடை ஓரத்து இருட்டில் நாடகப் பிரதியோடு உட்கார்ந்து, நடிகர்கள் தடுமாறினால் வரி எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் குரல் இருக்க வேண்டும், கேட்கக் கூடாது.

ஹெஸ்டர் லாங்லி யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அம்மா அவர் படம் பார்த்து அழுதிருப்பார். ஆனாலும் சொல்கிறேன், பத்திரிகைகளில் வருவது வேறு. அவர் சர்ரேயில் ஒரு டாக்டர் வீட்டுப் பெண். சொந்தமாகக் குதிரை இருந்தது. லண்டனில் நடிப்புப் பள்ளி, அப்புறம் ஊர் ஊராகச் சின்ன அரங்குகள். திறமை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் இளமை தீரும்வரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு படத்தில் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் மீன் வெட்டுகிற பெண்ணாக நடித்தார். விருது, தொலைக்காட்சித் தொடர்கள், அரண்மனை கொடுக்கிற டேம் பட்டம் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

அந்த மீன்காரி என் அம்மா. பெயர் மேவிஸ்.

பாத்திரத்துக்காகப் பழக வந்த ஹெஸ்டருக்கு, மீன் கொட்டகை மேஸ்திரி என் அம்மாவைக் கைகாட்டிவிட்டான். தினமும் எங்கள் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். அம்மா கத்தி பிடிப்பது, புறங்கையால் மூக்கைத் துடைப்பது, பல் தெரியாமல் சிரிப்பது, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். நான் அதே மேசையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, "நல்லாப் படி செல்லம்" என்றார்.

படித்தேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான்தான். எங்கள் துறைமுகத்துப் பேச்சில் நான் வாயைத் திறந்தாலே அங்கே சிரிப்பார்கள். "இன்னொரு தடவை சொல்லு, கேக்கவே ஜாலியா இருக்கு" என்பார்கள். அதே பேச்சைப் பேசிக் காட்டியதற்குத்தான் ஹெஸ்டருக்கு விருது கொடுத்தார்கள். எனக்குக் கோபம் என்று நினைக்காதீர்கள். உள்ளதைச் சொல்கிறேன்.

அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பாருடி, என் கையையே வெட்டி ஒட்டினாப்பல இருக்கு" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவளுக்குச் சூடு சொரணை கிடையாது. அவளுக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருந்தது. இப்போது அவள் உயிரோடு இல்லை.

இந்த நாடகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஹெஸ்டரிடம் போய், நான் கேய்னர், கிரிம்ஸ்பி மேவிஸின் மகள் என்றேன். கண்ணாடியைப் பார்த்தபடியே, "எந்த மேவிஸ், செல்லம்?" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லண்டனுக்கு வருவதற்கு முன் லீட்ஸில் ஒத்திகை பார்ப்பதுபோல் சில காட்சிகள் போட்டோம். அங்கே ஒருநாள் ஹெஸ்டர் ஒரு வரியை மறந்துவிட்டார். ஒரே ஒரு வரி. அந்த வயதில் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. இயக்குநர் பயந்துபோய், காதுக்குள் சின்னக் கருவி ஒன்றை மாட்டிக்கொள்ளச் சொன்னார். நான் ஓரத்திலிருந்து மைக்கில் முணுமுணுத்தால் அவருக்கு மட்டும் கேட்கும். ஹெஸ்டர் மாட்டேன் என்றார்.

"நான் என்ன செவிட்டுக் கிழவியா?"

"சும்மா ஒரு துணைக்குத்தான் மேடம். தேவைப்படாட்டி நான் வாயே திறக்க மாட்டேன்" என்றேன். அன்று அதை உண்மையாகத்தான் சொன்னேன். அவரும் நம்பி மாட்டிக்கொண்டார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் அவருடைய பேட்டி வந்தது. சின்ன வயதில் வறுமையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். துறைமுகத்தில் சிந்தின மீனைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்ததையும், காவலாளி அதைத் தெருவில் கொட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பக் கூடையில் போட வைத்ததையும், வீட்டுக்குப் போய் "இன்னிக்கு மீனே சிந்தலம்மா" என்று சொன்னதையும் ஹெஸ்டர் சொன்னார். குரல் உடைய வேண்டிய இடத்தில் உடைந்தது. அது என் அம்மா எட்டு வயதில் பட்ட அவமானம், எங்கள் சமையலறையில் ஹெஸ்டரிடம் அவள் சொன்னது. குதிரை வைத்திருந்தவர் அதைத் தனதென்று சொன்னார்.

அடுத்த காட்சியில், 'என் மூத்த மகன் வருவான்' என்ற வரி வருவதற்குச் சற்று முன், காதில் 'என் இளைய மகன்' என்றேன். அவருக்குச் சரியான வரி தெரியும். ஆனால் காதில் கேட்ட குரல் பிரதியை வைத்திருப்பவளின் குரல். அவர் என்னைத்தான் நம்பினார். எதிரே நின்ற சக நடிகர் ரூபர்ட் கண்ணைச் சிமிட்டிவிட்டுச் சமாளித்தார்.

இங்கே ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மேடையில் ஒருவர் வரியைக் கோட்டைவிட்டால் அதைப் பற்றி அவரிடம் யாரும் பேச மாட்டார்கள். எங்கள் ஆட்களின் பெரிய மரியாதை அது. "பிரமாதம் செல்லம்" என்று முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ரூபர்ட் மட்டும் அன்றைக்கு, "ஏன் இளைய மகன்னு சொன்னீங்க?" என்று கேட்டிருந்தால், "அவதான் அப்படிச் சொன்னா" என்று ஹெஸ்டர் சொல்லியிருப்பார். என் கதை அன்றே முடிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் அவ்வளவு நாகரிகம்.

நான்தான் அவர் அறைக்குப் போனேன்.

"நீ சரியாத்தானே சொன்ன, கேய்னர்?"

"மூத்தவன்னுதான் சொன்னேன் மேடம். நீங்கதான் மாத்திட்டீங்க. பரவால்ல, யாரும் கவனிக்கல."

அவர் பவுடர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, என் கையிலிருந்த பிரதியை வாங்கி அந்த வரியைப் பார்த்தார்.

அதற்குப் பிறகு சிரமமே இல்லை. ஒரு காட்சிக்கு ஒரு சொல், அப்புறம் இரண்டு. குடிக்காத தேநீரைக் குடித்துவிட்டதாகச் சொன்னேன். மேசையில் இருந்த மோதிரத்தை எடுத்து அவர் கோட்டுப் பையில் வைத்தேன். கொஞ்ச நாளில் என்னைக் கேட்காமல் அவர் எதையும் சொல்வதில்லை. "இன்னிக்குப் புதன்தானே?" என்பார். செவ்வாய் என்பேன். தலையாட்டிக்கொள்வார்.

உங்களிடம் இருக்கிற ஒலிப்பதிவு கடைசிப் பகல் காட்சியுடையது. ஒலிக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என் மைக்கையும் பதிவு செய்வது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருப்பேன். இரண்டாம் அங்கத்தில் ஹெஸ்டரின் நீண்ட பேச்சு. அதற்குப் பதிலாக நான் வேறொன்றைக் கொடுத்தேன். அவர் அப்படியே சொன்னார், அழகாக, தெளிவாக, என் அம்மாவின் பேச்சிலேயே: "அந்த மீன் கதை என்னோடது இல்ல. கிரிம்ஸ்பி மேவிஸோடது. நான் திருடிட்டேன்."

அரங்கம் நிறைந்த கூட்டம். அத்தனை பேர் முன்னால் ஒருவழியாக உண்மையைச் சொல்லிவிட்டார். என்ன நடந்தது தெரியுமா? முன்வரிசையில் ஒரு பெண்மணி, "ஐயோ பாவம், புத்தி பேதலிச்சிருச்சு" என்றாள். திரையை இறக்கினார்கள். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் அனுதாபம். மேவிஸ் யார் என்று ஒரு நாயும் கேட்கவில்லை.

இப்போது ஹெஸ்டர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மூளையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொன்னார். ஹெஸ்டர் நம்பவில்லை, தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறார். நான் மட்டும்தான் போய்ப் பார்க்கிறேன். மற்றவர்களுக்குச் சங்கடமாம்.

போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேய்னர், ஒண்ணு சொல்றேன், தப்பா இருந்தா தப்புன்னு சொல்லிரு. அந்த மீன் கதை உங்கம்மாவோடதுதானே? எனக்கு உங்க சமையலறை ஞாபகம் இருக்கு. நீ மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்த. எந்த மேவிஸ்னு நான் கேட்டது வெக்கத்துல கேட்டது. என்னை மன்னிச்சிரும்மா. இது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியுது. சரிதானே?"

பல்கலைக்கழகத்தில் என்னைப் பார்த்துச் சிரித்த பதினெட்டு வயதிலிருந்து நான் காத்திருந்தது இப்படி ஒரு பேச்சுக்குத்தான். 'சரி' என்று ஒரே ஒரு வார்த்தை. கதை என் அம்மாவுக்குத் திரும்பி வந்திருக்கும். ஹெஸ்டருக்கு அவருடைய புத்தி திரும்பி வந்திருக்கும்.

அவர் காதருகே குனிந்தேன்.

"இல்ல மேடம். அது உங்க கதைதான். கிரிம்ஸ்பில பொறந்தவங்க நீங்க. மேவிஸ்னு யாரும் இல்ல."

கையை விட்டுவிட்டார். அதிலிருந்து பேசுவதில்லை என்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர். இவ்வளவையும் நான் என் அம்மாவுக்காகத்தான் செய்தேன்.