ஆணியில் இல்லாத தாள்

— கதவுத் துளைக்கிட்ட வாயை வச்சுப் பேசு, டேமரிஸ். கதவு தடிமன். பக்கத்து அறையில வேற யாருக்கோ படுக்க வைக்கோல் உதறிட்டு இருக்காங்க, காதே கேக்கல.

— ரொட்டி கொண்டாந்திருக்கேங்க. துளையில நுழையாது. ஹென்ட்ரிக் அண்ணே, கதவைக் கொஞ்சம் தொறங்களேன்.

— நமக்கெதுக்கும்மா வம்பு? தொறக்கக் கூடாதுன்னு ஷெரீஃப் உத்தரவு. நான் ஜெயில் காவக்காரன், அவ்வளவுதான். பிச்சுப் பிச்சுக் குடுங்க.

— மூட்டை என்னடி இவ்வளவு பெருசு?

— கம்பளி. ஹட்சன் ஆத்துக் காத்து அடிக்க ஆரம்பிச்சிடுச்சே.

— சரி. இன்னிக்குத் திங்கக்கிழமை. நம்ம பத்திரிகை?

— காலையிலயே போயிடுச்சு. நானும் கடைப் பொண்ணு ரேச்சலும் அச்சு இழுத்தோம். துறைமுகத்துல வித்துட்டு இருக்காங்க.

— நல்ல காரியம். நான் உள்ள கெடந்தாலும் அது நிக்கக் கூடாது.

— வக்கீல் வந்தாருங்க. ஊர் மேய்ச்சல் நிலத்தைக் கவர்னர் துரை மருமகனுக்கு எழுதிக் குடுத்த சேதிய யார் எழுதினதுன்னு தெரிஞ்சா போதுமாம். அச்சடிச்ச உங்களை விட்டுடுவாங்களாம். சேதி உண்மைதானேன்னு கேட்டேன். உண்மையா இருந்தா குத்தம் இன்னும் பெருசாம்.

— அதான் சட்டம். பொய்யை எவன் நம்பி மேய்ச்சலுக்குச் சண்டைக்கு வரப்போறான்?

— சிரிக்காதீங்க, இருமல் வருது. குளிர்காலம் முழுக்க இங்க நீங்க தாங்க மாட்டீங்க. அடுப்புல பட்டாணிக் கஞ்சி வச்சுட்டு வந்திருக்கேன். சாயங்காலம் வீட்டுல உக்காந்து குடிப்பீங்க, பாருங்க.

— எப்படி? யார் பேரைச் சொல்லி?

— கடைக் கதவுக்கடியில யாரோ அந்தச் சேதித் தாளைப் போட்டுட்டுப் போனாங்கன்னு சொன்னேன்ல…

— சொன்ன. நீ ஈய எழுத்தைக் கோத்து முடிச்சதும், பாத்துக் கோத்த தாளை ஆணியில குத்தி வைக்கிறது நம்ம கடை வழக்கம். அந்த வாரம் கப்பல் சேதிக்கு ஆணியில தாள் இருந்துச்சு. ஓடிப்போன குதிரை விளம்பரத்துக்கு இருந்துச்சு. மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் இல்ல.

— அது எங்கயோ விழுந்திருக்கும்.

— விழல. அச்சுல ஏத்துறதுக்கு முன்னால பக்கத்தை ஈய எழுத்துலயே படிச்சுப் பாத்தேன். ஒரு தப்பு இல்ல. அடுத்தவன் கிறுக்கலைப் பாத்துக் கோக்கிறப்போ நீ பக்கத்துக்கு நாலு தப்பாவது விடுவ. தாள்னு ஒண்ணு இருக்கவே இல்ல, டேமரிஸ். மனசுல இருந்ததை நேரா எழுத்துப் பெட்டியில இருந்து எடுத்துக் கோத்துட்ட.

— தெரிஞ்சேவா ஒரு வார்த்தை கேக்காம இருந்தீங்க?

— கேட்டா நீ ஒத்துக்குவ. அப்புறம் நான் எந்த முகத்தோட தெரியாதுன்னு சொல்றது?

— இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க?

— இனிமே பயமில்ல. காலையில நீதிபதி ஆள் வந்தான். பைபிள் மேல கை வச்சு, எழுதினது நான்தான்னு கையெழுத்துப் போட்டுட்டேன். உன் பக்கம் ஒருத்தனும் திரும்ப மாட்டான். நீ கடையைப் பாத்துக்க, போதும்.

— அடப்பாவி மனுஷா. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா?

— அதுக்கு ஏன் அழுவுற?

— ஹென்ட்ரிக் அண்ணே, உங்க பையில இருக்கிறது இன்னிக்குப் பத்திரிகைதானே? கடைசி வரியை அவருக்குப் படிச்சுக் காட்டுங்க. என்னால முடியல.

— நமக்கெதுக்கும்மா… சரி. ‘மேய்ச்சல் நிலத்தைப் பற்றி எழுதியவள் நான். அதில் ஒரு சொல்லும் என் கணவருடையது அல்ல. டேமரிஸ் ஃபென்.’

— டேமரிஸ். நான் சத்தியம் பண்ணியிருக்கேன்டி.

— தெரியுதுங்க. நீங்க பொய்ச் சத்தியம் பண்ணதை உங்க பத்திரிகையே ஊருக்கெல்லாம் வித்துட்டு இருக்கு. ரெண்டு பேரையும் உள்ள வைக்க நாமளே வழி பண்ணிட்டோம்.

— இன்னும் நேரம் இருக்கு. ஹென்ட்ரிக், அவளைப் பின்வாசல் வழியா அனுப்பிடு. ஷெரீஃப் கேட்டா அவ வரவே இல்லன்னு சொல்லு.

— நமக்கெதுக்குன்னுதான் இவ்வளவு நேரம் வாயைத் தொறக்கல, ஐயா. பக்கத்து அறையில தனக்குப் போடச் சொல்லி வைக்கோல் வாங்கிக் குடுத்ததே அம்மாதான்.