ஒன்பது நாளில் பழகிய கோப்பி

தம்பி விமலன்,

நாய்க்குட்டியைப் பழக்குவது அடுப்பில் பால் காய்ச்சுகிற மாதிரிதான். பக்கத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். வேறு பெரிய வித்தை ஒன்றும் கிடையாது.

நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தீர்கள். "ஆன்டி, கோப்பி இங்க வந்து மூணு வாரம் ஆச்சு. பேப்பர் விரிச்சா அதுல மட்டும்தான் ஒண்ணுக்குப் போறான். ஒரு தடவகூடத் தப்புப் பண்ணல. உங்க வீட்ல மட்டும் ஏன் அப்படிப் பண்ணான்?" நல்ல கேள்வி. குற்றத்தை முழுக்க நாயின் தலையிலேயே வைத்துக் கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அது உங்கள் பெரிய மனசு. தடுப்பூசி அட்டையை வாங்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னீர்கள். அட்டையோடு இந்தக் கடிதத்தையும் மடித்து வைக்கிறேன். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் கிராணி வேலை பார்த்தவள் நான். வந்த கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை.

நீங்களும் ஷாமினியும் சுங்கை வேயில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்துப் பழகியவர்கள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் உங்களுக்கு வேலை கிடைத்ததும், கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரண்டு பேருமாகப் போய்விடுவது என்று முடிவு செய்தீர்கள். என் மகளை நான் தடுக்கவில்லை. சந்தோஷம் என்றுதான் சொன்னேன், கேசரிகூடக் கிண்டினேன். அடுத்த வாரமே நீங்கள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். உள்ளே எட்டு வாரக் குட்டி, பால் விடாத கோப்பி ஓ நிறத்தில். "ஷாமினி போனப்புறம் உங்களுக்குத் துணையா இருக்கும் ஆன்டி" என்று என் மடியில் வைத்தீர்கள். வைத்த கையோடு அது என் சேலையை நனைத்தது. எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

உங்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு எனக்கு வலித்தது, தம்பி. ஷாமினியின் அப்பா போன பிறகு பதினோரு வருஷமாக இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முப்பத்தோரு வயசுப் பெண்ணை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு ஜீவனைக் கொடுத்துவிட்டு, நீங்கள் முறுக்கையும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

சரி, வந்த ஜீவனைப் பழக்க வேண்டும் அல்லவா? பின் சமையலறையில் நாளிதழை விரித்தேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு போய்த் தாளின்மேல் விடுவேன். தரையை முகர்ந்துகொண்டு வட்டம் போட்டால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். வேலை முடிந்த அந்த நொடியே ஒரு துண்டு பிஸ்கட், "கெட்டிக்காரன்" என்று ஒரு வார்த்தை. கொஞ்சம் தாமதித்தாலும் எதற்குக் கிடைத்தது என்று அதற்குப் புரியாது. தப்புச் செய்தால் அடிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. அடித்துப் பழக்கினால் நம்மைக் கண்டு ஒளிந்துகொள்ளத்தான் கற்றுக்கொள்ளும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும்.

ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் காலையில் அதுவாகவே பின்னால் போய், தாளைத் தேடி உட்கார்ந்து, காரியத்தை முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. ஷாமினிகூட இத்தனை சீக்கிரம் பழகவில்லை.

அன்று சாயங்காலம் அவளிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன். அவள் உள்ளே நுழையும்போதே போனில் உங்களோடு பெர்த் வீட்டுத் திரைச்சீலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரு ஜன்னலுக்கு இத்தனை பேச்சா என்று நினைத்துக்கொண்டேன், நான் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மறுநாள் அவள் வருகிற நேரம் பார்த்து, சோபா ஓரத்தில் ஒரே ஒரு தாளைப் போட்டேன். ஒற்றைத் தாள் என்றால் தரைவரைக்கும் ஊறிவிடும். கோப்பி வந்து கடமையை முடித்துப் பிஸ்கட்டை வாங்கிக்கொண்டது. தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

"ஐயோ அம்மா, இவன் இன்னும் பழகலையா?" என்றாள் ஷாமினி, வந்ததும் வராததுமாக.

"என்னால முடியலம்மா. வயசாயிருச்சு."

அன்றைக்கு அவள் போனை வைத்துவிட்டு என்னோடு சேர்ந்து தரையைத் துடைத்தாள். அப்படியே உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அப்படிச் செய்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில், படிக்கட்டுக்குக் கீழே. ஒருமுறை உங்கள் வலது கால் சப்பாத்துக்குள் ஒரு துண்டுத் தாளைச் சொருகி வைத்தேன். அது அதிகப்படிதான், மன்னித்துக்கொள்ளுங்கள். மற்றபடி அதில் திட்டம் எதுவும் இல்லை. பழகாத நாய் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது தற்செயல்.

உங்கள் தாய்மாமா தம்புசாமியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் தடவை அம்பாங்கிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தபோது, எங்கள் தாமான் தெருமுனையில் பூனை குறுக்கே ஓடியது என்று காரைத் திருப்பச் சொல்லி, ஒரு கடையில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வேறு பாதையில் வந்தார். நீங்கள் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டீர்கள். எனக்கோ அவரை அன்றைக்கே மிகவும் பிடித்துப்போய்விட்டது.

பரிசத்துக்குப் பத்தரை மணிக்கு நேரம் குறித்திருந்தது. ஏழரை மணிக்கே கோப்பியைப் பின் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். வெயில் நாள் என்பதால் தண்ணீர் நிறைய வைத்தேன். அங்கே விரித்திருந்த தாள்களை எடுத்துவிட்டேன், விருந்தாளி வருகிற நாளில் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் அது முனகியது. வட்டம் போட்டது. கதவைப் பிறாண்டியது. ஆனால் வெறும் தரையில் போகவே இல்லை. மூன்று மணி நேரம் அடக்கிக்கொண்டிருந்தது, தம்பி. சொன்ன பேச்சுக் கேட்பதில் அதை மிஞ்ச ஆளில்லை.

கூடத்தில் குத்துவிளக்கைச் சுற்றி நாளிதழை அகலமாக விரித்தேன். எண்ணெய் சொட்டித் தரை பாழாகாமல் இருக்க எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். உங்கள் அம்மா நல்லம்மாளுக்கு மட்டும் அது திருப்தியாக இல்லை.

"பாய் ஒண்ணு விரிக்கலாமே, சம்பந்தி?"

"எண்ணெய்க் கறை பட்டா பாய் வீணாப் போயிடும் சம்பந்தி. இப்ப எல்லாரும் பேப்பர்தான் போடுறாங்க."

அவரே உங்கள் ஒன்பது தட்டுகளையும் அந்தத் தாள்மேல் வரிசையாக வைத்தார். பரிசப் புடவைத் தட்டு விளக்குக்குப் பக்கத்தில் இருந்தது. தம்புசாமி தட்டு மாற்றுவதற்காக எழுந்து நின்று, எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார். நான் பலகாரம் எடுத்துவரப் போய்ப் பின் சமையலறைக் கதவைத் திறந்தேன்.

கோப்பி என்னைத் தாண்டிப் பறந்தது. விருந்தாளிகள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகத் தாளுக்கு வந்து, விளக்கின் முன்னால் உட்கார்ந்து, மூன்று மணி நேரத்தையும் மொத்தமாக இறக்கி வைத்தது. புடவைத் தட்டின் அடிப்பக்கம் நனைந்தது.

"குட்டி நாய்தானே மாமா, விடுங்க லா" என்றீர்கள் நீங்கள். பாவம், நல்ல முயற்சி.

"நல்ல காரியத்துல, விளக்கு முன்னாடி இப்படி ஆனா அது சரிப்பட்டு வராது" என்றார் தம்புசாமி. அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும், அவ்வளவுதான். அவர் நிறுத்துகிற ஆள் இல்லை. "ஒரு நாயையே ஒழுங்கா வளர்க்கத் தெரியல. பொண்ண எந்த லட்சணத்துல வளர்த்திருக்காங்களோ?"

நான் மண்டியிட்டு என் முந்தானையால் தரையைத் துடைத்தேன். துடைக்கிற துணி பக்கத்திலேயே இருந்தது. ஏனோ முந்தானைதான் கைக்கு வந்தது.

ஷாமினி எழுந்துவிட்டாள். "எங்கம்மாவப் பத்திப் பேச உங்களுக்கு என்ன இருக்கு அங்கிள்? எல்லாத் தட்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க." சொல்லிவிட்டு உங்களைப் பார்த்தாள். நீங்கள் மாமாவைப் பார்த்தீர்கள். ஒரு நொடிதான் இருக்கும், ஆனால் அவள் அதைக் கவனித்துவிட்டாள். அதற்கு என்மேல் பழி போடாதீர்கள். அது உங்கள் பங்கு.

கோப்பி என் காலடியில் வந்து உட்கார்ந்து வாலை ஆட்டியது. வேலையைச் சரியாகச் செய்துவிட்டது, பிஸ்கட்டுக்குக் காத்திருந்தது. அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் எதுவும் கொடுக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மறுநாள் நீங்கள் வந்து தூக்கிக்கொண்டு போகிறவரை அது தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு கேட்பதில்லை. எனக்கிருக்கிற ஒரே வருத்தம் அதுதான்.

ஆகவே, உங்கள் கேள்விக்குப் பதில்: கோப்பி எங்கள் வீட்டிலும் ஒரு தப்பும் செய்யவில்லை. தாளை விரித்தது நான். கதவைத் திறந்தது நான். பரிசம் நின்றுபோக வேண்டும் என்றுதான் செய்தேன்.

இதை ஷாமினியிடம் காட்ட விரும்பினால் தாராளமாகக் காட்டுங்கள். தன் அம்மா முந்தானையால் தரை துடைத்ததைப் பார்த்தவள் அவள். உங்கள் வீட்டில் யாரோ என்னை மிரட்டி எழுதி வாங்கியதாகத்தான் நினைப்பாள்.

இப்போதெல்லாம் அவள் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் சாப்பிடும்போது, "நான் எங்கயும் போகலம்மா, உன்கூடவே இருந்துடறேன்" என்றாள். நான் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். உடனே எழுந்துபோய் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்த நண்டுப் பிரட்டலைச் சூடாக்கிப் போட்டேன், தலையைத் தடவிக் கொடுத்தேன். நேற்று மறுபடியும் சொன்னாள். மறுபடியும் நண்டு. சில நாள் போனில் உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு வார்த்தை திட்டுவதில்லை. எனக்குத் தலைவலி வந்துவிடும், சமைக்காமல் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். இந்த வாரம் அவள் படத்தைப் பார்த்தது ஒரே ஒரு நாள்தான்.

அட்டை வாங்க வந்தபோது நீங்களே பார்த்திருப்பீர்கள். அவளை நான் ஒன்றும் கட்டிப்போட்டு வைக்கவில்லை, தம்பி. முன்கேட் நாள் முழுக்கத் திறந்துதான் கிடக்கிறது. அவள்தான் போவதில்லை.

அன்புடன்,
சீதாலெட்சுமி ஆன்டி