பெருநாளன்று இறக்கிய கயாக்

கயாக் நல்ல ஓடம், இன்ஸ்பெக்டர் ஐயா. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குருநகர்க் கரையிலிருந்து நான்கு வருடமாக உல்லாசப் பயணிகளை அதில் கூட்டிப்போய் முருகைக்கல் என்கிற பவளப்பாறைத் திட்டுகளைச் சுற்றிக் காட்டுகிறேன். ஒருவருக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. தேவராசா கவனமான ஆள் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் மகள் நிஷானிக்குத் தாய் இல்லை. ஆறு வயதிலிருந்து தலை இழுத்துப் பின்னிவிட்டு வளர்த்தவன் நான். மருமகன் றயன் அவளைக் கனடாவுக்குக் கூட்டிப்போக வந்திருந்தான். நல்ல பொடியன். அடுத்த வியாழன் விமானம். அவள் போனால் நான் யாருக்குச் சோறு போட்டு வைப்பது? அதைத்தான் யோசித்தேன். வேறு கெட்ட எண்ணம் இல்லை.

கோயில் பெருநாளன்று எங்கள் ஊரில் ஒரு வள்ளமும் கடலில் இறங்காது. நிஷானி பாட்டுக்குழுவில் முதற்குரல். பெருநாள் பூசையைத் தவறவிட்டதே இல்லை. ஆகவே அந்தக் காலைதான் தோதாக இருந்தது. தனியே கயாக் வலிக்க வேண்டுமென்று றயனும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான்.

“மாமா, காத்து எப்பிடி?”

“மத்தியானம் வரைக்கும் எழும்பாது. வெளித்திட்டையும் சுத்திப்போட்டு ஆறுதலா வாரும்.”

தென்மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிமாதச் சோளகக் காற்று ஒன்பது மணிக்கே எழும்பிவிடும். கயாக்கில் தண்ணீர் வடியும் துளைக்கு ஒரு திருகுமூடி உண்டு. அதை அரைவாசி கழற்றி விட்டேன். மிதவை அங்கிகளைப் பெருநாளுக்கென்று தோய்த்துக் கொடியில் போட்டிருந்தேன். என்னிடம் இருப்பவை எல்லாம் இருவர் போகும் கயாக்குகள். முன் இருக்கை வெறுமையாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கோயிலுக்குப் போய்விட்டேன்.

நற்கருணைக்குப் பிறகு நிஷானியின் பாட்டு. ஆனால் கேட்டது அவளுடைய சிநேகிதி லவீனாவின் குரல். பாட்டு முடிந்ததும் அவளை வெளியே கூப்பிட்டேன்.

“நிஷானி எங்கை பிள்ளை?”

“றயன் அண்ணையோடை கடலுக்குப் போயிட்டா அங்கிள். அப்பா ஏசுவார், சொல்லாதை எண்டவ. போறதுக்கு முன்னம் ஒருக்கா எங்கடை கடலைப் பாக்கோணுமாம்.”

ஐயா, உங்களிடம் எதையும் மறைக்கமாட்டேன். கரைக்கு ஓடினேன். வெளித்திட்டுக்கு அருகே ஒரு துடுப்பு நிமிர்ந்து நிமிர்ந்து அசைந்தது. என் இயந்திர வள்ளம் பக்கத்திலேயே நின்றது. ஐந்து நிமிட ஓட்டம். ஆனால் பெருநாளன்று வள்ளத்தை இறக்கினால், அவர்கள் ஆபத்தில் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று ஊர் கேட்கும். காப்பாற்றினாலும் வியாழக்கிழமை அவள் போய்விடுவாள். துடுப்பு தெரியாமல் போகும்வரை நின்றேன். பிறகு கோயிலுக்குத் திரும்பி, ஊர்வலத்தில் புனிதரின் சுருவம் தூக்கத் தோள் கொடுத்தேன்.

றயனின் உடலைக் கனடாவுக்கு எடுத்துப் போனார்கள். அது அவர்கள் விருப்பம். நிஷானியை எங்கள் சேமக்காலையில் அடக்கம் செய்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. என்னை நீங்கள் எங்கே கொண்டுபோனாலும் சரி, ஐயா. பிள்ளை இனி எங்கும் போகமாட்டாள்.