ஏழாம் நம்பர் அறை

— பட்டியலை மறுபடியும் பாரு மச்சான். கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

— நாலு தடவை பாத்துட்டேன் மாப்ள. உன் பேரு இல்ல.

— எப்படி இல்லாமப் போகும்? இந்த முன்னாள் வீரர் இல்லத்தைப் புதுப்பிக்கிறப்போ அளவெடுக்க உட்கார வெச்சது என்னையா, உங்க வாரியத் தலைவரையா? என் சக்கர நாற்காலி திரும்புற அளவுக்குத்தானே ஏழாம் நம்பர்ல பாத்ரூமே கட்டினீங்க. என் கையை நீட்டச் சொல்லி, கைப்பிடிக்கு நீதான் பென்சில்ல கோடு போட்டே.

— இல்லங்கல. கட்டத்தான் வாரியத்துக்கு அதிகாரம். யாருக்குன்னு பைல்தான் சொல்லும். அதுல நீ பணியில இருக்கும்போது கால் போகலன்னு இருக்கு.

— அப்படி எழுதினது யாரு?

— இப்ப எதுக்கு அதெல்லாம்?

— பட்டாளத்து லாரியை ஓட்டினது நீ. தூங்கிட்டே. வேலை போயிடும், வீட்டுல கைக்குழந்தைன்னு என் ஆஸ்பத்திரிக் கட்டில்கிட்ட நின்னு அழுதே. லீவுல போறப்ப அடிபட்டுச்சுன்னு நீயே எழுதினே, நான் கையெழுத்துப் போட்டேன். முப்பது வருஷமா யார்கிட்டயாவது மூச்சு விட்டிருப்பேனா?

— விடல மாப்ள. மறக்கல நான்.

— அப்ப நடந்ததை ஒரு கடுதாசில எழுதிக் குடு. போதும்.

— ரிட்டையர் ஆக மூணு வாரம்தான் இருக்கு. இப்பப் போய்க் கிண்டினா என் தலையிலதான் விடியும்.

— தம்பி வீட்டு பாத்ரூம் கதவுல நாற்காலி நுழையாதுடா. தினம் தவழ்ந்து போறேன். தம்பி பொண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது, பாவம். அசிங்கமா இருக்கு எனக்கு.

— அடுத்த கட்டடம் வரட்டும், பாக்கலாம்.

— சரி, ஏழாம் நம்பர் யாருக்குப் போச்சு?

— யாரோ ஒரு முன்னாள் வீரருக்குத்தான். மேல இருந்து போட்டாங்க.

— அவருக்கும் கால் இல்லையா?

— அதெல்லாம் நான் விசாரிக்கல.

— என்னை மாதிரி ஒருத்தனா இருந்தா நல்லா இருக்கட்டும். அந்தக் கைப்பிடி உயரம் சரியா இருக்கும், சொல்லு அவன்கிட்ட.

— கார்பெண்டரே, கொஞ்சம் வெளிய நில்லுங்க. பேசிக்கிட்டு இருக்கோம்ல?

— ஒரு நிமிஷம் சார். ஏழாம் நம்பர் கதவுல உங்க பேர்ப்பலகையை அடிச்சுட்டேன். பாத்ரூம் கைப்பிடியெல்லாம் இடைஞ்சலா இருக்குன்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. கழட்டிடவா?